75-ஆவது நிமிடத்துக் கைதட்டல்: வியன்னாவின் ரப்பீட் அணி கடந்து வந்த பாதை

கேள்வி இதுதான்: வியன்னாவின் ரப்பீட் கால்பந்து அணி ஆடும்போது 75-ஆவது நிமிடத்தில் மைதானம் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்குகிறார்களே, அது என்ன வழக்கம்? 2008-க்குப் பிறகு லீக் பட்டமே வெல்லாத ஓர் அணிக்கு ஆஸ்திரியாவில் இவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் எப்படி?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல 1897-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் 'ராபிட்' என்பார்கள். வியன்னாவில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும், 'ரப்பீட்' என்றுதான் காதில் கேட்கும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1897-இல் வியன்னாவின் மேற்குப் புறத்தில் தொப்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். 'முதலாம் வியன்னா தொழிலாளர் கால்பந்து கிளப்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து வியன்னாவில் கால்பந்து என்பது ஆங்கிலேயத் தோட்டக்காரர்களும், வங்கி குமாஸ்தாக்களும், வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஆடிய விளையாட்டு. அதற்குள் தொழிலாளர்கள் தங்கள் அடையாளத்தைப் பெயரிலேயே போட்டுக்கொண்டு நுழைந்தார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசில் தொழிலாளர் கூடும் இடமெல்லாம் போலீஸ் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அந்தப் பெயர் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. 1899 ஜனவரி 8-ஆம் தேதி பொதுக்குழு கூடி, பெயரை 'ஸ்போர்ட்கிளப் ரப்பீட்' என்று மாற்றியது. பெர்லினில் இதேபோல் பெயர் கொண்ட ஒரு கிளப்பைப் பார்த்து அந்தப் பெயரை முன்மொழிந்தவர் கிளப்பின் செயலாளர் வில்ஹெல்ம் கோல்ட்ஷ்மிட். யூதர். 1942-இல் நாஜிகள் அவரை வியன்னாவிலிருந்து நாடுகடத்திக் கொன்றார்கள். இன்று ஆயிரக்கணக்கானவர்கள் தொண்டை கிழியக் கத்தும் அந்தப் பெயர் அவர் தந்தது. ரப்பீட் வரலாற்றைப் பேசும் யாரும் அதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆரம்பத்தில் அணியின் நிறம் நீலமும் சிவப்பும். சில ஆண்டுகளில் பச்சை வெள்ளைக்கு மாறினார்கள். வெளி மைதானங்களில் ரப்பீட் சில சமயம் நீலச் சிவப்புச் சட்டையில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தப் பழைய நிறத்தின் நினைவுதான்.

கிளப்பை ஒரு பெரும் சக்தியாக்கியவர் டியோனிஸ் ஷோனெக்கர். 1910-ஐ ஒட்டிப் பொறுப்பேற்று, 1938-இல் இறக்கும் வரை கால்பந்துப் பிரிவு அவர் கையில்தான் இருந்தது. அழகாகப் பந்தைத் தட்டிக்கொண்டு திரிவதைவிட, 90 நிமிடமும் ஓடுவதும் கடைசி விசில் வரை விட்டுக்கொடுக்காமல் மோதுவதும் முக்கியம் என்று அவர் பழக்கினார். அதற்கு 'ரப்பீட் ஆவி' என்றே வியன்னாவில் பெயர். நகரின் மேற்கு எல்லையில் ஹூட்டல்டோர்ஃப் என்ற பகுதியில் 1912-இல் புதிய மைதானம் திறந்தார்கள். அதன் பெயர் ஃபார்வீஸெ, 'தேவாலயப் புல்வெளி' என்று பொருள். அதைக் கட்டித் தந்தவர் டியோனிஸின் சகோதரர், கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஷோனெக்கர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிளப்பின் வீட்டைக் கிளப்பின் ஆளே கட்டும் கதை பின்னால் இன்னொரு முறை வரும்.

1911-12 பருவத்தில்தான் ஆஸ்திரியாவில் முறையான லீக் பிறந்தது. அப்போது அதில் ஆடியவை எல்லாம் வியன்னாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கிளப்கள். முதல் பட்டம் ரப்பீடுக்கு. முதல் 12 பருவங்களில் 8 பட்டங்கள் அவர்களுக்கே.

இந்தக் காலத்தில்தான் அந்தக் கைதட்டல் உருவானது. ரப்பீட் பின்தங்கியிருந்த ஆட்டங்களைக் கடைசி கால் மணி நேரத்தில் புரட்டிப் போடுவது திரும்பத் திரும்ப நடந்தது. எதிரணி களைத்துப்போகும் நேரத்தில் இவர்கள் வேகம் கூட்டினார்கள். மக்கள் அந்த நேரத்துக்குப் பெயரே வைத்தார்கள்: 'ரப்பீட் ஃபியர்டல்ஷ்டுண்டெ', ரப்பீட் கால் மணி. 75-ஆவது நிமிடம் வந்ததும் கூட்டம் தாளத்தோடு கைதட்டி அதை அறிவிக்கும். ஒலிபெருக்கியில் யாரும் சொல்லித் தருவதில்லை. அணி 3 கோல் முன்னால் இருந்தாலும் தட்டுவார்கள், 3 கோல் பின்னால் இருந்தாலும் தட்டுவார்கள். நூறாண்டுக்கும் மேலாக இது நிற்கவில்லை. எனக்குத் தெரிந்து உலகக் கால்பந்தில் இவ்வளவு பழைய ரசிகர் வழக்கம் வேறு ஒன்றைக் காட்டுவது கடினம்.

அந்தக் காலத்தின் முகம் யோசெஃப் உரிடில். ஒரு தையற்காரரின் மகன், கட்டுமஸ்தான உடம்பு. பந்தோடு அவர் ஓடி வந்தால் தடுப்பாட்டக்காரர்கள் சிதறுவார்கள், அதனால் 'டாங்க்' என்று அழைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்திருந்த நேரம், அந்த வார்த்தைக்கு என்ன கனம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1921-இல் வீனர் ஏ.சி. அணிக்கு எதிராகப் பின்தங்கியிருந்த ஆட்டத்தை ரப்பீட் 7–5 என்று வென்றது. ஏழு கோலும் உரிடில் அடித்தவை. அவரைப் பற்றிப் பாட்டு வந்தது, அவர் பெயரில் பொருட்கள் விற்றன. பேரரசு உடைந்து, விலைவாசி வானத்தில் ஏறி, பசியில் கிடந்த ஒரு நகரம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கத்தான் போனது.

1924-இல் ஆஸ்திரியாவில் தொழில்முறை லீக் வந்தது, ஐரோப்பியக் கண்டத்தில் அதுதான் முதல். அப்புறம் 1927-இல் மத்திய ஐரோப்பிய அணிகளுக்கான மித்ரோப்பா கோப்பை தொடங்கியது. ரப்பீட் முதல் இரண்டு இறுதிப்போட்டிகளிலும் தோற்றது. ஒன்றில் ப்ராக் நகரின் ஸ்பார்ட்டாவிடம், இன்னொன்றில் புடாபெஸ்ட்டின் ஃபெரன்ஸ்வாரோஷிடம். 1930-இல் அதே ஸ்பார்ட்டாவை ப்ராகில் 2–0 என்று வென்று, வியன்னாவில் 2–3 என்று தோற்று, மொத்தக் கணக்கில் கோப்பையை எடுத்தார்கள். நட்சத்திர ஆட்டக்காரர் சிண்டெலர் ஆடிய, வியன்னாவின் இன்னொரு அணியான ஆஸ்திரியா வீனுக்கும் ரப்பீடுக்கும் இடையிலான டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகளின் மோதல், பெரிதானதும் இந்த ஆண்டுகளில்தான். ஆஸ்திரியா வீன் என்றால் காபிக்கடை, வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள். ரப்பீட் என்றால் புறநகர், தொழிற்சாலை, டிராம் ஓட்டுநர்கள். இந்தப் பிரிவினை நிஜத்தில் இவ்வளவு கறாராக இருந்ததில்லை, இரண்டு பக்கமும் எல்லா வகை மனிதர்களும் இருந்தார்கள். ஆனாலும் இரு கூட்டமும் தங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டன.

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. யூதர்களின் ஹாக்கோவா கிளப்பைக் கலைத்தார்கள், தொழில்முறை ஆட்டத்தையும் ஒழித்தார்கள், ஆஸ்திரிய அணிகள் ஜெர்மனியின் போட்டிகளில் ஆட வேண்டியதாயிற்று. ஜெர்மன் கோப்பையின் இறுதிப்போட்டி 1939 ஜனவரி 8 அன்று பெர்லினில் நடந்தது, ரப்பீட் பெயர் சூட்டப்பட்ட நாளின் 40-ஆம் ஆண்டு நிறைவு. ஃப்ராங்க்ஃபர்ட் அணியிடம் 0–1 என்று பின்தங்கியிருந்த ரப்பீட், கடைசிப் பத்து நிமிடங்களில் 3 கோல் அடித்து வென்றது. கால் மணி வழக்கம் பெர்லினிலும் பலித்தது.

இதைவிடப் பெரிய ஆட்டம் 1941 ஜூன் 22 அன்று, ஜெர்மன் சாம்பியன் பட்ட இறுதி. எதிரே ஷால்க அணி, அந்தக் காலத்தில் ஜெர்மனியின் மிகச் சிறந்த அணி. இரண்டு ஆண்டுக்கு முன் வியன்னாவின் அட்மிரா அணியை இதே இறுதிப்போட்டியில் 9–0 என்று நசுக்கியவர்கள். பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் 90,000-க்கும் மேற்பட்ட கூட்டம். முதல் பத்து நிமிடத்துக்குள் ஷால்க 2 கோல் போட்டது. இரண்டாம் பாதியில் மூன்றாவது. 0–3. அடுத்து நடந்ததைத்தான் வியன்னாவில் இன்றும் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்கிறார்கள். ஷோர்ஸ் ஒன்று அடித்தார். பிறகு சுமார் பத்து நிமிட இடைவெளிக்குள் ஃப்ரான்ஸ் பிண்டர் மூன்று. 4–3. உலகக் கால்பந்தில் இவ்வளவு பெரிய இறுதிப்போட்டியில் இப்படியொரு திருப்பம் அரிது.

ஆனால் தேதியை மறுபடி பாருங்கள். அன்று காலைதான் ஜெர்மன் படைகள் சோவியத் யூனியனுக்குள் நுழைந்தன. போருக்குப் பின் இந்த வெற்றியைச் சுற்றி ஒரு கதை வளர்ந்தது: வியன்னாக்காரர்கள் பெர்லினை அவமானப்படுத்தியதால் ஆட்டக்காரர்களைத் தண்டனையாகப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கும், ஒடுக்கியவனை மைதானத்தில் வென்ற கதை அல்லவா. ஆனால் ஆவணங்களைப் புரட்டிய வரலாற்று ஆய்வாளர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிளப்பே முன்வந்து நாஜி காலத்துத் தன் வரலாற்றை ஆய்வாளர்களிடம் ஒப்படைத்து, 2011-இல் அது நூலாக வெளிவந்தது. அதில் கிளப் நாஜி எதிர்ப்பின் கோட்டையாகவும் தெரியவில்லை, முழு மூச்சாக ஆட்சியைத் தாங்கிய அமைப்பாகவும் தெரியவில்லை. பெரும்பாலும் காலத்தோடு ஒத்துப்போன ஓர் அமைப்பாகத்தான் தெரிந்தது. ரப்பீடை நேசிக்கும் ஒருவன் 4–3-ஐயும் கோல்ட்ஷ்மிட்டின் முடிவையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். எனக்கு அந்தப் பட்டத்தின் மேல் பெருமிதமும் பாரமும் ஒன்றாகவே இருக்கிறது.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் பட்டங்களால் நிறைந்தவை, எண்ணிக்கையை அடுக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஆட்களைச் சொல்கிறேன். 1954 உலகக் கோப்பையில் ஆஸ்திரியா மூன்றாம் இடம் பிடித்தபோது அந்த அணியில் ரப்பீட்காரர்கள் நிறைய. 6 கோல் அடித்த ப்ரோப்ஸ்ட், தடுப்பாட்டத்தில் ஹாப்பெல், எங்கே நிறுத்தினாலும் ஆடும் ஹனாப்பி. இதில் எர்ன்ஸ்ட் ஹாப்பெல் பிறகு பயிற்சியாளராக ஃபெயனோர்டுக்கும் (1970) ஹாம்பர்குக்கும் (1983) ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். வியன்னாவின் தேசிய மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

ஹாப்பெலின் ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்லாமல் போக முடியாது. 1956 நவம்பர், ஐரோப்பியக் கோப்பை, நடப்பு சாம்பியன் ரியல் மாட்ரிட். மாட்ரிடில் ரப்பீட் 2–4 என்று தோற்றிருந்தது. வியன்னாவில் தடுப்பாட்டக்காரரான ஹாப்பெல் மூன்று கோல் அடித்தார். டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார், 3–1. மொத்தம் 5–5. வெளி மைதான கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி அன்று இருந்திருந்தால் ரப்பீட் முன்னேறியிருக்கும். இல்லை என்பதால் மூன்றாவது ஆட்டம் மாட்ரிடிலேயே நடந்து 0–2 என்று போயிற்று. 12 ஆண்டு கழித்து, 1968-69-இல் இரு அணிகளும் மீண்டும் மோதின. வியன்னாவில் 1–0, மாட்ரிடில் 1–2. மொத்தம் 2–2. இப்போது அந்த விதி வந்துவிட்டிருந்தது. ரியல் மாட்ரிட் வெளியே, ரப்பீட் காலிறுதியில். காத்திருந்து கணக்கைத் தீர்த்தார்கள்.

இனி ஹனாப்பி. ரப்பீட் வரலாற்றில் எனக்கு நெருக்கமான மனிதர் இவர்தான். கெர்ஹார்ட் ஹனாப்பி ஆஸ்திரியாவுக்காக 93 ஆட்டங்கள் ஆடினார், அந்தச் சாதனை பல பத்தாண்டுகள் நின்றது. ஆடிக்கொண்டிருக்கும்போதே கட்டடக் கலை படித்தார், ஓய்வுக்குப் பின் அதையே தொழிலாக்கினார். ஃபார்வீஸெ பழசாகிவிட, ஹூட்டல்டோர்ஃபிலேயே புது மைதானம் தேவைப்பட்டபோது அதை வரைந்தவர் அவர். 1977 மே மாதம் ஆஸ்திரியா வீனுக்கு எதிரான டெர்பியோடு திறந்தார்கள், ரப்பீட் 1–0 என்று வென்றது. மூன்று ஆண்டில், 51 வயதில், புற்றுநோயால் ஹனாப்பி இறந்தார். மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ரசிகர்கள் ஒரு படி மேலே போய் 'சாங்க்ட் ஹனாப்பி', அதாவது புனித ஹனாப்பி என்று தேவாலயத்தைப் போல அழைத்தார்கள். தான் ஆடிய அணிக்குத் தன் கையாலேயே மைதானம் வரைந்து கொடுத்த ஆட்டக்காரர் உலகில் எத்தனை பேர்? அந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு அணி என்பது வேறு யாருடைய சொத்தாகவும் எப்படித் தோன்றும்?

1968-க்குப் பிறகு 14 ஆண்டுகள் லீக் பட்டம் இல்லை. இப்போதைய வறட்சியைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு இதைச் சொல்வது வழக்கம். 1982-இல் அது முடிந்தது, முடித்தவர்களில் இருவர் உலகப் புகழ் பெற்றவர்கள். ஒருவர் ஹான்ஸ் க்ராங்கிள். 1978 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் அடித்து நாட்டையே ஆட வைத்தவர், பார்சிலோனா போய்விட்டு வீடு திரும்பியிருந்தார். இன்னொருவர் செக் நாட்டின் ஆன்டொனின் பனென்கா. 1976 ஐரோப்பிய இறுதிப்போட்டியில் பெனால்டியை கோல்கீப்பர் விழுந்த பிறகு நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டாரே, அவர்தான்.

அந்த அணி 1985-இல், அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் ஆடும் ஐரோப்பியப் போட்டியான கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி வரை போனது. வழியில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கோடு நடந்தது இன்றும் ஆறாத புண். வியன்னாவில் ரப்பீட் 3–1, கிளாஸ்கோவில் செல்டிக் 3–0. இரண்டாவது ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து பாட்டில் வீசப்பட்டது, ரப்பீட் ஆட்டக்காரர் ஒருவர் கீழே விழுந்தார். பாட்டில் அவர்மேல் படவே இல்லை, நடிப்பு என்பது செல்டிக் தரப்பின் உறுதியான வாதம். ரப்பீட் மேல்முறையீடு செய்ய, மூன்றாவது ஆட்டம் மான்செஸ்டரில் நடந்தது. பகுல்ட் அடித்த ஒரே கோலில் ரப்பீட் வென்றது, அங்கே ரப்பீட் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வந்தவர்களால் தாக்கப்பட்டார்கள். இதில் பெருமைப்பட எந்தத் தரப்புக்கும் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். அடுத்த சுற்றுதான் பெருமைக்குரியது: ட்ரெஸ்டனில் 0–3 என்று தோற்றுவிட்டு வந்து, ஹூட்டல்டோர்ஃபில் 5–0. ரோட்டர்டாமில் நடந்த இறுதியில் எவர்ட்டன் 3–1 என்று வென்றது. ரப்பீடின் கோல் க்ராங்கிளுடையது.

அதற்குப் பிறகு பணத்தால் வந்தது ஆபத்து. 1991-இல் கிளப்பைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள், ரசிகர்கள் பங்கு வாங்கினார்கள், திட்டம் கவிழ்ந்தது. 1994-இல் கிளப் திவாலின் விளிம்பில் நின்றது, ஒரு வங்கி தூக்கி நிறுத்தியது. அப்படிப்பட்ட நிலையிலிருந்து இரண்டே ஆண்டில் இன்னொரு ஐரோப்பிய இறுதி! பயிற்சியாளர் எர்ன்ஸ்ட் டோக்குபிலின் அந்த அணியில் கோல்கீப்பர் கொன்சல், க்யூபாவர், ஷ்டோகர், பல்கேரியாவின் இவானோவ், இளம் யாங்கர் இருந்தார்கள். லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கிடம் 0–2 என்று தோற்று, வியன்னாவில் ஆட்டம் முடியும் தறுவாயில் ஷ்டும்ஃப் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 4–0. 1996 மே 8, பிரஸ்ஸல்ஸ், எதிரே பாரிஸ் செயின்ட் ஜெர்மன். என்கோட்டியின் ஒரு ஃப்ரீ கிக், 0–1. ஒரு மாதத்துக்குள் லீகின் கடைசிச் சுற்றில் ஷ்டூர்ம் கிராஸை 2–0 என்று வென்று பட்டத்தை எடுத்தார்கள்.

2005-இல் பயிற்சியாளர் ஹிக்கர்ஸ்பெர்கரின் அணி பட்டம் வென்று சாம்பியன்ஸ் லீக் போனது, அங்கே ஆறு ஆட்டமும் தோல்வி. அதே 2005-இல்தான் ரெட் புல் நிறுவனம் சால்ஸ்பர்க் கிளப்பை வாங்கி, பெயரையும் ஊதா நிறத்தையும் மாற்றியது. ஆஸ்திரியக் கால்பந்தின் தராசு அதோடு சாய்ந்தது. 2008 ஈஸ்டர் ஞாயிறன்று ரப்பீட் சால்ஸ்பர்குக்கே போய் 7–0 என்று வென்றது, அந்தப் பருவத்தின் பட்டத்தையும் வென்றது. மான்செஸ்டரில் கோல் அடித்த அதே பகுல்ட்தான் அப்போது பயிற்சியாளர். அது 32-ஆவது பட்டம், ஆஸ்திரியாவில் எந்த அணியும் நெருங்காத எண்ணிக்கை. 33-க்காக இன்னும் காத்திருக்கிறார்கள். 2014-இலிருந்து 2023 வரை பத்துப் பட்டங்களும் தொடர்ச்சியாக சால்ஸ்பர்குக்கே போயின. ஆஸ்திரியக் கோப்பையைப் பார்த்தால் வலி இன்னும் அதிகம்: கடைசியாக வென்றது 1995-இல். 2017, 2019, 2023, 2024 என்று இறுதி வரை போய் நான்கு முறையும் தோல்வி.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கூட்டம் ஏன் வருகிறது? ரப்பீட் இன்னும் உறுப்பினர்களின் கிளப். தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நிறுவனம் வந்து நிறத்தையோ பெயரையோ மாற்றிவிட முடியாது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, பட்டங்கள். சால்ஸ்பர்கின் கதையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அந்த விலை சரிதான் என்று நினைக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தை வெறும் ரோஜாப்பூவாக வரைந்தால் பொய்யாகிவிடும். 2011 டெர்பியில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டமே நின்றது. 2024 பிப்ரவரியில், புது மைதானத்தில் முதன்முறையாக டெர்பியை வென்ற மகிழ்ச்சியில் ஆட்டக்காரர்களே ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்திக் கோஷம் போட்டு, தடை வாங்கினார்கள். 3–0 என்று வென்ற நாளின் நினைவு அதனால் கறைபட்டது. தொழிலாளர் என்ற பெயரோடு, ஒதுக்கப்பட்டவர்களின் அணியாகப் பிறந்த ஒரு கிளப்பில் இது நடந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தப் புது மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒருநாள் போகக்கூடும். ஹனாப்பி மைதானத்தை 2014-இல் இடித்தார்கள். அதே இடத்தில், ஆடுகளத்தை 90 டிகிரி திருப்பிப் போட்டு, 28,000 பேர் அமரும் அலையன்ஸ் மைதானத்தைக் கட்டி, 2016 ஜூலையில் செல்சியை 2–0 என்று வென்று திறந்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் கூரையில் இருக்கிறது, ஆனால் முகவரி 'கெர்ஹார்ட் ஹனாப்பி சதுக்கம், எண் 1'. யூ4 மெட்ரோவில் கடைசி நிறுத்தமான ஹூட்டல்டோர்ஃபில் இறங்குங்கள், பச்சை வெள்ளைத் துண்டுகளின் பின்னால் நடந்தால் போதும். மேற்குப் பக்கத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள். ஸ்கோர்போர்டில் 75 வந்ததும் பக்கத்தில் இருப்பவர் கையைத் தலைக்கு மேல் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள்.